போடியில் சாம்பிள் என்றால்

போடிநாயக்கனூரில் சாம்பிள் என்றால் ஏலக்காய். அதற்கு வேறு பொருள் கிடையாது. ரத்தப் பரிசோதனை செய்யும் இடத்தில்கூட "ரத்தம் குடுத்துட்டு வாங்க" என்றுதான் சொல்வார்கள். சாம்பிள் என்ற சொல் காதில் விழுந்தால் போடிக்காரர் தன்னை அறியாமல் உள்ளங்கையை நீட்டுவார். அதில் பத்துக் காய் விழும், அதை விரலால் புரட்டிப் பார்க்கலாம் என்று அந்தக் கை நம்பும்.

முத்துப்பிரியாவுக்கு இது தெரியாது. அவள் விருதுநகர்க்காரி. மதுரையில் கண் நோய்களை ஆராயும் ஓர் ஆய்வகத்தில் நான்காவது ஆண்டாக வேலை செய்துகொண்டிருந்தாள். நான்கு ஆண்டுகளும் ஒரே ஒரு சதையைப் பற்றிய வேலை. வெயிலிலும் தூசியிலும் காற்றிலும் வருடக்கணக்கில் இருப்பவர்களுக்குக் கண்ணின் வெள்ளையில், மூக்கை ஒட்டிய ஓரத்தில், மெல்லிய சதை ஒன்று முளைக்கும். ஈயின் இறக்கைபோல முக்கோணமாக விரிந்து, மெதுவாகக் கருவிழிமேல் ஏறும். அது புற்றுநோய் இல்லை. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் கருவிழியின் நடுவைத் தொட்டால் பார்வையை மறைத்துவிடும். வெட்டி எடுக்கலாம். சிலருக்கு எடுத்த பிறகும் திரும்ப வளரும். இரண்டாம் முறை வளர்வது முதலாவதைவிட வேகமாகவும் தடிப்பாகவும் இருக்கும்.

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்கு, புதிய உறுப்பை உடம்பு எதிர்த்துத் தள்ளாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து ஒன்று கொடுப்பார்கள். சைக்ளோஸ்போரின் என்று பெயர். அந்த மருந்து இந்தச் சதையின் செல்களையும் அடக்குமா என்பதுதான் முத்துப்பிரியாவின் கேள்வி. முதல் முறை வளர்ந்த சதையில் மற்றவர்கள் சோதித்திருந்தார்கள். அவளுக்கு வேண்டியது வெட்டியும் திரும்ப வந்த சதை. மூன்று பேருடையது வேண்டும். மூன்றிலும் ஒரே மாதிரி நடந்தால்தான் வெளியே சொல்ல முடியும். இரண்டு பேருடையது முடிந்திருந்தது. மூன்றாவது, ஜனவரியில், கிண்ணத்திலேயே பூஞ்சை பிடித்துப் பாழாயிற்று. ஏப்ரல் கடைசியில் அவளுடைய திட்டக்காலம் முடிகிறது. அதற்குள் இன்னொரு சதை கிடைத்து, அது உயிரோடு வந்து, வளரவும் வேண்டும்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் போடியிலிருந்து கண் மருத்துவர் ரேணுகா கூப்பிட்டார்.

"ஒரு ஜீப் டிரைவர். ரெண்டு தடவை வேற எடத்துல எடுத்திருக்காரு, ரெண்டு தடவையும் வந்துருச்சு. வியாழக்கிழமை நான் எடுக்கிறேன். வேணும்னா புதன்கிழமை வந்து பேசிப் பாரு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் வாய்க்கும் நீ ஈடுகொடுக்க முடியாது."

ஜீப் டிரைவரின் பெயர் சின்னச்சாமி. ஐம்பத்திரண்டு வயது. போடியிலிருந்து தோட்ட வேலைக்குப் போகும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போடிமெட்டுக்குப் போய்வருவது இருபத்தாறு வருடமாக அவர் தொழில். கதவில்லாத ஜீப். வலது கண் சிவந்து, கருவிழியின் ஓரத்தில் சதை ஏறியிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி சண்முகத்தாய் உட்கார்ந்திருந்தார். ஏலக்காய்க் கிட்டங்கி ஒன்றில் காய் பிரிக்கும் வேலை அவருக்கு.

முத்துப்பிரியா ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டினாள். "உங்க கண்ணுல எடுக்கிற சதையை எப்படியும் தூக்கித்தாண்ணே போடுவாங்க. அதை நாங்க வாங்கிட்டுப் போய் வளத்து, மருந்து ஊத்திப் பாப்போம்."

"வளப்பியா?" சின்னச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏந்தாயி, இந்தச் சனியன ஒழிக்கத்தான் நான் ரெண்டு தடவ படுத்து எந்திரிச்சிருக்கேன். நீ அதச் சோறு போட்டு வளக்கப் போறியா?"

"வளந்தாத்தான அதை எப்படி நிறுத்துறதுன்னு பாக்க முடியும்?"

"இவரு கண்ணுல பட்டினியாக் கெடந்தே இந்த வளத்தி வளருது," என்றார் சண்முகத்தாய். "நல்ல சாப்பாடும் போட்டீகன்னா மதுர தாங்காது, பாத்துக்கங்க."

முத்துப்பிரியா சிரிப்பை அடக்கிக்கொண்டு மீதியைப் படித்தாள். "இதுல உங்களுக்கு நேரா ஒரு பலனும் இல்லண்ணே. அதையும் நான் சொல்லணும். மாட்டேன்னு சொன்னாலும் நாளைக்கு அதே ஆபரேசன், அதே கவனிப்புதான். குடுத்த பெறகு மனசு மாறுனா எப்ப வேணாலும் வேணாம்னு சொல்லலாம், திருப்பிக் கேக்கலாம்."

"இதுக்கு ஒங்க பாசையில என்ன பேரு?"

"சாம்பிள்னு சொல்லுவோம்."

சின்னச்சாமியின் முகம் தெளிந்தது. "அப்பிடிச் சொல்லு, புரியுது. சாம்பிளக் குடுத்துட்டுத் திருப்பிக் கேக்குற வழக்கம் போடியில கெடையாது தாயி. குடுத்தா குடுத்ததுதான். காய் வித்தாலும் சரி, விக்காட்டியும் சரி, சாம்பிள் வாங்குனவனுக்குத்தான். எங்க கையெழுத்து?"

போட்டார். பிறகு ஒரு சந்தேகம் கேட்டார். "எம்பேரு எழுதுவீகளா அதுமேல?"

"பேரு எழுதக் கூடாதுண்ணே. நம்பர்தான். ஆர் மூணு."

"லாட் நம்பரு," என்று சண்முகத்தாய் அவருக்கு விளக்கினார். ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு காய்க் குவியலுக்கும் அப்படி ஓர் எண் உண்டு.

சதையைக் கொண்டுவரும் வேலை அங்கேயே முடிவாயிற்று. சண்முகத்தாயின் தம்பி பால்பாண்டி, மாமாவின் கண் சரியாகும்வரை அவர் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை ஜீப்புக்கு ஸ்பேர் வாங்க மதுரைக்கு எப்படியும் போகிறான். காலை ஒன்பது மணிப் பஸ்சில் ஏறினால் பன்னிரண்டுக்குள் மதுரை. முத்துப்பிரியா அரப்பாளையம் பஸ் நிலையத்தில் காத்திருந்து வாங்கிக்கொள்வாள்.

அவள் செவிலியர் செல்லத்தாயிடம் ஒரு சிறிய குழாயைக் கொடுத்தாள். உள்ளே ரோஸ் நிறத் திரவம். செல்கள் வழியில் சாகாமல் இருப்பதற்கான சத்து நீர் அது. சதையை அதில் போட்டு, மூடியை இறுக்கி, மேலே ஒட்டுப்படலம் சுற்றி, பனிக்கட்டி வைத்த தெர்மாகோல் பெட்டிக்குள் வைக்க வேண்டும். டிபன் டப்பா அளவுப் பெட்டி. "மூடியை மட்டும் யாரும் தெறந்துறக் கூடாதுக்கா. காத்துல இருக்கிற ஒரு பூஞ்சை உள்ள போனாக்கூடப் போச்சு." இதை அவள் மூன்று முறை சொன்னாள். அதோடு எல்லாவற்றையும் யோசித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மாலை ரயிலில் மதுரைக்குத் திரும்பினாள்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு அறுவை முடிந்தது. உளுந்தம்பருப்பு அளவில் வெளிறிய சிவப்பில் ஒரு துண்டு. செல்லத்தாய் சொன்னதைச் சொன்னபடி செய்தார். பெட்டியை மஞ்சள் பையில் போட்டு முடிச்சிட்டார். பைமேல் பேனாவால் பெரிதாக எழுதினார்: சாம்பிள் – அவசரம். வாசலில் நின்ற ஜீப்பின் முன்சீட்டில் வைத்துவிட்டு, எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த பால்பாண்டியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பாண்டி, சாம்பிள வண்டியில வச்சிருக்கேன். அவசரம்!"

"சரிக்கா!"

அந்தச் சீட்டில் ஏற்கெனவே ஒரு மஞ்சள் பை இருந்தது. அதிகாலையில் தோட்டத்திலிருந்து பால்பாண்டி இறக்கிக்கொண்டு வந்தது. அதற்குள் ஓர் அட்டைப் பெட்டி. அட்டைப் பெட்டிக்குள் அன்றைய ஏலத்துக்கு வரும் நாற்பத்தேழாம் எண் லாட்டின் ஏலக்காய். அது சத்தியநேசனுக்கு. ஏல மையத்துக்குப் பக்கத்துத் தெருவில் கடை வைத்திருக்கும் வியாபாரி அவர். ஏலம் தொடங்குவதற்கு முன்னால் காயைக் கண்ணால் பார்த்தாக வேண்டும் அவருக்கு. ஒன்பது மணிக்கு மேல் ஒரு நிமிடம் தாமதமானாலும் போனில் கத்துவார்.

பால்பாண்டி இரண்டு பைகளையும் பார்த்தான். தோட்டத்தில் இருட்டோடு யாரோ ஏற்றிய பையை அவன் உற்றுப் பார்த்திருக்கவில்லை. ஒன்றில் எழுத்து இல்லை. இன்னொன்றில் சாம்பிள், அவசரம் என்று எழுதியிருந்தது. போடியில் அவசரமான சாம்பிள் யாருக்குப் போகும் என்பதில் அவனுக்கு ஒரு விநாடிகூடச் சந்தேகம் வரவில்லை. எடுத்தபோது பையின் அடி சில்லென்று இருந்தது. காலையில் மலையிலிருந்து இறங்கும் எதுவும் சில்லென்றுதான் இருக்கும். சத்தியநேசன் கடையில் அதை இறக்கினான், ஜீப்பை ஸ்டாண்டில் விட்டான், இன்னொரு பையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்பது மணிப் பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

பதினொன்று ஐம்பதுக்கு அரப்பாளையத்தில் பஸ்சைவிட்டு இறங்கியபோது முத்துப்பிரியா எதிரே நின்றாள். பையை இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கியதும் மூக்கு சுருங்கியது.

"அண்ணே, பஸ்சுல பக்கத்துல யாராவது ஏலக்கா மூட்டை வச்சிருந்தாங்களா?"

"இல்லியே. ஒங்க பையிதான் கமகமன்னு வந்துச்சு. கண்டக்டரு கூடக் கேட்டாரு."

அவள் முடிச்சை அவிழ்த்தாள். அட்டைப் பெட்டி. உள்ளே ஒரே அளவில், பச்சைப் பசேலென்று, கொழுத்த ஏலக்காய். மேலே ஒரு துண்டுச் சீட்டு: 47.

"இது என்னண்ணே?"

"சாம்பிளு."

"எதோட சாம்பிளு?"

"லாட்டு நாப்பத்தேழு..." சொல்லும்போதே பால்பாண்டியின் குரல் இறங்கியது. "ஆத்தாடி. எங்க மாமா கண்ணு அண்ணாச்சி கடையில கெடக்கு."

முத்துப்பிரியா அட்டைப் பெட்டியை மூடினாள். அங்கிருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். வெட்டி எடுத்து நான்கு மணி நேரம் ஆகிறது. பெட்டியில் பனிக்கட்டி இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. குழாயைத் திறந்திருந்தால் எதுவுமே இல்லை. பால்பாண்டி சத்தியநேசனின் எண்ணை அழுத்தி, போனை அவளிடமே கொடுத்தான்.

"யாரு?" என்றது ஒரு கனத்த குரல். "பாண்டியா? ஏண்டா, காயக் கொண்டாடான்னா மருந்துப் புட்டியக் குடுத்துட்டுப் போயிருக்க, போன் அடிச்சா எடுக்கவும் மாட்டேங்குற!"

"சார், நான் மதுரையில இருந்து பேசறேன். முத்துப்பிரியா. அந்தக் குழாய் எங்களோடது சார். கண் ஆராய்ச்சிக்கு. மாறி வந்துருச்சு."

"ஒங்களுதாம்மா அது? நான் ஏதோ பூச்சிமருந்து டெஸ்ட்டுக்குப் புதுசா ஏற்பாடு பண்ணிருக்காங்கன்னுல்ல நெனச்சேன். உள்ள என்னமோ ஒரு பொட்டு மெதக்குது."

"சார், அது ஐஸ்லதான இருக்கு?"

"ஐஸா? அத அப்பவே கொட்டிட்டேன். எந்தக் கிறுக்கன் சாம்பிள ஐஸ்ல வைப்பான்? ஈரம் பட்டா நெறம் போயிரும்லம்மா."

முத்துப்பிரியா கண்ணை மூடிக்கொண்டாள். "இப்ப எங்க சார் இருக்கு?"

"பத்தரமாத்தான் இருக்கு. சாம்பிள் வைக்கன்னு நானே ஒரு மரப்பெட்டி செஞ்சு வச்சிருக்கேன். உள்ள சின்னதா ஒரு பல்பு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். மழைக்காலத்துல காய்க்கு ஈரம் புடிக்காம இருக்க. அதுக்குள்ள நட்டமா நிறுத்தி வச்சிருக்கேன்."

"பல்பா?" அவள் எழுந்து நின்றுவிட்டாள். "எவ்வளவு சூடு இருக்கும் உள்ள?"

"அதுக்குன்னு ஒரு தெர்மாமீட்டரு தொங்குது. கண்ணாடி போடுறேன், இரு... முப்பத்தாறு. நாப்பதத் தாண்டினா காய் வெளுத்துரும், அதனால தாண்ட விடுறதில்ல. பதினெட்டு வருசமா முப்பத்தாறுதான்."

பதிலுக்குச் சத்தியநேசன் கேட்டது சிரிப்புச் சத்தம். முத்துப்பிரியா பஸ் நிலையத்தில் நின்றபடி, பால்பாண்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பால்பாண்டி, பாவம், அந்தப் பெண்ணுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்றே நினைத்தான்.

ஆய்வகத்தில் செல் வளர்க்கும் பெட்டியின் சூடு முப்பத்தேழு. உடம்பின் சூடு. இங்கே வந்ததும் அந்தச் சதையை அவள் வைக்கப் போவது அதில்தான். பனிக்கட்டி வழிப் பயணத்துக்கு மட்டும். இடையில் வெயிலில் கிடப்பதோ, குளிர்சாதனப் பெட்டியின் உறைபனித் தட்டில் போய் விழுவதோதான் கேடு. போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரி பல்பைக் கொண்டு பதினெட்டு வருடமாக அதே சூட்டை ஒரு டிகிரி குறைவாகக் காத்துவருகிறார்.

ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. "சார், மூடியைத் தெறந்து பாத்தீங்களா?"

"தெறக்கலாம்னுதான் கையில எடுத்தேன். வெள்ளைத் தட்டுல கொட்டிப் பாத்தாத்தான எனக்குத் திருப்தி. ஆனா மூடியச் சுத்தி ஒட்டிருந்துச்சு. ஒட்டி வந்த சாம்பிள வாங்குறவன் தனியாப் பிரிக்கக் கூடாதும்மா. குடுத்தவன் முன்னாடிதான் பிரிக்கணும். இல்லாட்டி, காய மாத்திட்டான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரும். பாண்டி வரட்டும்னு வச்சிட்டேன்."

"அண்ணாச்சி!" என்றாள் முத்துப்பிரியா. 'சார்' என்ற சொல் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. "நீங்க நல்லா இருப்பீங்க. அதை அப்படியே, அதே சூட்டுல, மதுரைக்குக் கொண்டுவரணும். எவ்வளவு வெரசா முடியுமோ."

"பல்ப எப்படிக் கொண்டாறது?"

"பல்பு வேணாம். சட்டைக்கு உள்ள, நெஞ்சோட ஒட்டுனாப்பல வைங்க. நட்டமா. உங்க உடம்புச் சூடே போதும்."

சத்தியநேசன் ஒரு நிமிடம் யோசித்தார். ஏலம் நடந்துகொண்டிருந்தது. நாற்பத்தேழாம் எண் அவர் மூன்று நாளாகக் காத்திருந்த லாட். அதன் சாம்பிளோ அரப்பாளையத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சின்மேல் இருந்தது. பார்க்காத காய்க்கு விலை சொல்லும் ஆள் அவர் இல்லை.

"எனக்கும் இனிமே இங்க சோலியில்ல," என்றார். "வர்றேன்."

வாடகைக் காரில் மூன்று மணிக்கு ஆய்வக வாசலில் வந்து இறங்கினார். அறுபதை நெருங்கும் பெரிய உடம்பு, வெள்ளைச் சட்டை, இடது கை நெஞ்சின்மேல். வழியெல்லாம் அந்தக் கை பெரும்பாலும் அங்கேயேதான் இருந்தது. தேனியைத் தாண்டுவதற்குள் டிரைவர் இரண்டு தடவை, "அண்ணாச்சி, நெஞ்சு வலியா? ஆஸ்பத்திரிக்கு விடட்டா?" என்று கேட்டிருந்தான்.

முத்துப்பிரியா ஓடிவந்து கையை நீட்டினாள். அவர் சட்டைக்குள்ளிருந்து குழாயை எடுத்தார், கொடுக்கவில்லை.

"வந்த சாம்பிளத் திருப்பித் தர்ற வழக்கம் எங்க ஊர்ல இல்ல, தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி. சின்னச்சாமி அண்ணன் சொன்னாரு."

"அவன் சொல்லிட்டானா? சரி, ஒனக்காக. ஒருதடவைதான்." குழாயை வெளிச்சத்தில் உயர்த்திக் காட்டினார். "இன்னொண்ணு சொல்றேன் கேளு. காலையில கையில வாங்குனப்ப இந்தத் தண்ணி பன்னீர் ரோஜா நெறம். நாலு தடவ எடுத்துப் பாத்தேன், கார்ல ரெண்டு தடவ. ஒரு மாத்துக்கூடக் கொறையல. நெறம் மாறுனா ஏதோ தப்புன்னு எனக்குத் தோணுச்சு. சரிதானா?"

முத்துப்பிரியா அவரைப் பார்த்தாள். சத்து நீர் மஞ்சளாக மாறினால் உள்ளே கிருமி பெருகுகிறது என்று பொருள். ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரம் சொல்லிக் கொடுப்பது அது. "ரொம்பச் சரி அண்ணாச்சி," என்று மட்டும் சொன்னாள். அவர் முன்னிலையில் ஒட்டுப்படலம் கிழியாமல் இருக்கிறது என்று காட்டிவிட்டு, குழாயோடு உள்ளே ஓடினாள்.

சதையை அரிசியில் கால்வாசி அளவுத் துண்டுகளாக நறுக்கி, கிண்ணங்களில் ஒட்டவைத்து, சத்து நீர் ஊற்றி, முப்பத்தேழு டிகிரியில் வைத்தாள். பிறகு காத்திருக்க வேண்டியதுதான். தினமும் காலையில் கிண்ணத்தை நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்ப்பாள். மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. பூஞ்சையும் இல்லை. ஆறாம் நாள் ஒன்றுமில்லை. தினமும் மாலை சின்னச்சாமியிடமிருந்து போன் வரும். கண்ணில் கட்டோடு வீட்டில் அடைந்து கிடந்தவருக்கு அதுதான் பொழுதுபோக்கு.

"மொளச்சிச்சா?"

"இன்னும் இல்லண்ணே."

"எங்கண்ணுல இருக்கும்போது என்னா துள்ளு துள்ளுச்சு. மதுர தண்ணி ஒத்துக்கலையோ?"

ஒன்பதாம் நாள் காலை ஒரு துண்டின் ஓரத்திலிருந்து நீளமாக, இரு முனையும் கூராக, நெத்திலி மாதிரி ஒரு செல் வெளியே வந்திருந்தது. அதன் பின்னால் இன்னொன்று. கிண்ணத்தை மெதுவாக நகர்த்தினாள். மறுபக்கம் ஒரு கூட்டமே ஊர்ந்துகொண்டிருந்தது. மாலைவரை அவளால் காத்திருக்க முடியவில்லை. அவளே போன் செய்தாள்.

"அண்ணே, மொளச்சிருச்சு!"

கட்டுப் பிரித்தாகிவிட்டதால் அப்போது சின்னச்சாமி மனைவியோடு ஜீப் ஸ்டாண்டுக்கு வந்து, ஆட்களோடு பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மொளச்சிருச்சாம்லே!" என்று அவர் போட்ட சத்தத்தில் மலையேறக் காத்திருந்த பெண்கள் எல்லாம் என்ன, என்ன என்று கூடிவிட்டார்கள். பால்பாண்டிக்கு நிம்மதியில் அழுகை வந்துவிட்டது. அந்த ஒன்பது நாளும் ஊரில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'அவசரம்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

சண்முகத்தாய் போனை வாங்கினார். "நெசமாவா கண்ணு? எப்பிடி இருக்கு?"

"நல்லாப் பெருகுது."

"இவரு வேலயில மட்டுந்தான் மெத்தனம். இதுலயெல்லாம் சூரன்."

மார்ச் முழுவதும் செல்கள் பெருகின. கடைசி வாரம் முத்துப்பிரியா அவற்றை எட்டு வரிசைக் குழிகள் கொண்ட தட்டில் சம அளவாகப் பிரித்து விட்டாள். முதல் வரிசைக்கு மருந்து கிடையாது. இரண்டாவதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அளவு ஏறும், எட்டாவதுக்குத்தான் அதிகம். மூன்று நாள் விட்டு, எல்லாக் குழிகளிலும் மஞ்சள் சாயம் ஒன்றை ஊற்ற வேண்டும். உயிரோடு இருக்கும் செல்கள் அந்த மஞ்சளைக் கத்தரிப்பூ நிறமாக மாற்றும். செல் அதிகம் என்றால் நிறம் அடர்த்தி. மருந்து வேலை செய்தால் வரிசை ஏற ஏற நிறம் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் நான்கு வருட வேலைக்கு வேறு முடிவு எழுத வேண்டும்.

சாயம் ஊற்றும் நாளைச் சொன்னதும் மூன்று பேரும் கிளம்பி வந்துவிட்டார்கள். சின்னச்சாமி கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வெயிலிலும் காற்றிலும் அதைக் கழற்றவே கூடாது என்று டாக்டர் ரேணுகா கண்டித்துச் சொல்லியிருந்தார். ஏழு வாரமாகக் கண் சுத்தமாக இருந்தது. "தோட்டத்துப் பொம்பளைக எல்லாம் இவர ஹீரோன்னு கூப்புடுறாளுக," என்று சண்முகத்தாய் புகார் சொன்னார். குரலில் புகார் அவ்வளவாக இல்லை. சத்தியநேசன் கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தார். "நான் சாம்பிள் பாக்க வந்திருக்கேன்," என்று காவலரிடம் சொல்லி, அவரையும் குழப்பியிருந்தார்.

செல் வளர்க்கும் அறைக்குள் வெளியாட்கள் போகக் கூடாது. நிறம் மாறி முடிந்த தட்டை, மூடியோடு, முத்துப்பிரியாவே நடைக்குக் கொண்டுவந்தாள். நிறத்தை அளக்கும் இயந்திரத்தில் ஏற்கெனவே வைத்து எடுத்தாயிற்று. எண்கள் அச்சான தாள் அவள் கோட்டுப் பைக்குள் இருந்தது. அதைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை.

"இதுதான் உங்க கண்ணுண்ணே."

சின்னச்சாமி கண்ணாடியைக் கழற்றிக் குனிந்து பார்த்தார். "கத்திரிக்காக் கலர்ல இருக்கு."

சத்தியநேசன் அவரைக் கையால் விலக்கினார். "தள்ளு. இப்பிடியா பாக்குறது?" தட்டை வாங்கி, வடக்குப் பார்த்த ஜன்னலுக்குக் கொண்டுபோனார். தன் வெள்ளைக் கைக்குட்டையை ஜன்னல் மேடையில் விரித்து, அதன்மேல் தட்டை வைத்தார். நேராக நின்று பார்த்தார். பிறகு பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பார்த்தார். காய் பார்க்கும்போது அவரிடம் யாரும் பேசக் கூடாது என்பது சண்முகத்தாய்க்குத் தெரியும். கணவரின் கையைக் கிள்ளி அடக்கினார்.

"மொதல் வரிச நல்லாக் கெட்டிக் கத்திரிப்பூ," என்றார் சத்தியநேசன் மெதுவாக. "ரெண்டாவதும் அதே மாதிரிதான், ஒரு நூல் கம்மி. மூணாவதுல எறங்குது. நாலாவது நல்லா எறங்கிருச்சு. அஞ்சு, இன்னும் வெளுப்பு. ஆறு, பாதிக்குக் கீழ." அங்கே நிறுத்தினார். தட்டைத் திருப்பி வைத்து மறுபடி பார்த்தார். "ஏம்மா, ஏழும் எட்டும் ஒரே காய்தான். வித்தியாசம் இல்ல. எட்டுல நீ கூட ஊத்துன மருந்து வேஸ்ட்டு."

முத்துப்பிரியா தாளை எடுத்துப் பிரித்தாள். முதல் வரிசை, இரண்டாவது, மூன்றாவது என்று இறங்கிக்கொண்டே வந்த எண்கள் ஏழில் வந்து நின்றிருந்தன. ஏழுக்கும் எட்டுக்கும் இடையே ஒரு மயிரிழை. முதல் இரண்டு பேரின் சதையிலும் இதே இடத்தில்தான் நின்றது. அதற்குமேல் மருந்தைக் கூட்டிப் பயனில்லை என்பதுதான் அவள் எழுத வேண்டியிருந்த முடிவு. மூன்றாவது சதை அதையே சொல்லிவிட்டது. அவள் தாளை அவரிடம் நீட்டினாள். அவர் எண்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுத் தலையாட்டினார், இயந்திரம் தேறிவிட்டது என்பதுபோல.

"அப்ப லாட்டு பாசா?" என்றார் சின்னச்சாமி.

"பாஸ்ணே! மூணு லாட்டும் பாஸ்." அவள் குரல் நடையில் எதிரொலித்தது. இரண்டு அறைகளின் கதவு திறந்து மூடியது.

"இந்த மருந்த ஊத்துனா எனக்குத் திரும்ப வராதுல்ல?"

அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டு பதில் சொன்னாள். "அதை இப்ப சொல்ல முடியாதுண்ணே. இது தட்டு, அது கண்ணு. மருந்து செல்லைக் கொல்லுதா, இல்ல வளர விடாம நிறுத்தி மட்டும் வைக்குதான்னே இனிமேதான் பாக்கணும். நல்ல சதைக்குக் கெடுதல் பண்ணுதான்னும் பாக்கணும். இன்னும் வருசங்கள் ஆகும். நீங்க கண்ணாடியக் கழட்டாதீங்க."

"சரி, வருசம் ஆகட்டும். நான் எங்க போகப்போறேன்? போடிமெட்டுக்குத்தான் போவேன், திரும்பி வந்துருவேன்." கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "என் சதை பதினேழு வளைவு ஏறுனது. ஒம் மருந்து அத ஏழாவது வளைவுலயே நிறுத்திருச்சுன்னு போய்ச் சொல்றேன்."

சத்தியநேசன் பொட்டலத்தை நீட்டினார். அன்றைக்கு மாறி வந்த நாற்பத்தேழாம் எண் ஏலக்காயை அவள் பத்திரமாகத் திருப்பி அனுப்பியிருந்தாள். அதுதான் இப்போது திரும்ப வந்திருந்தது. "நீ வழக்கம் தெரியாம அனுப்பிட்ட. ஒங்கைக்கு வந்த சாம்பிள் ஒனக்குத்தான். டீயில போட்டுக் குடி."

ஆய்வகத்துக்கு வெளியே இருந்த கடையில் டீக்காரரிடம் நான்கு காயைக் கொடுத்துத் தட்டிப் போடச் சொன்னார்கள். டீ கொதிக்கும்போது சண்முகத்தாய்க்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது.

"ஆமா கண்ணு, சோதன பண்ணது போக மிச்சச் சதை இருக்குமே. அத என்ன பண்ணுவீக?"

"பத்திரமா வச்சிருப்போம்க்கா. இன்னும் நெறைய சோதனைக்கு வேணும். திரவ நைட்ரஜன்னு ஒண்ணு இருக்கு. அதுல, ஐஸைவிடப் பல மடங்கு குளிர்ச்சியில..."

"ஐஸா!" சத்தியநேசன் டீத் தம்ளரை மேடையில் வைத்துவிட்டு எழுந்தார். "ஏம்மா, இவ்வளவு தூரம் நெஞ்சுல வச்சுக் கொண்டாந்தேனே, திரும்பவும் ஐஸ்லயா போடப் போற?"

"உக்காருங்க அண்ணாச்சி," என்றார் சின்னச்சாமி. "குடுத்தாச்சு. கேக்க முடியாது."